ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அண்ணனின் காலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"இவர் சாக்கடையில இறங்கி வேலை பார்க்கிறவரா?"

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாக்கடையா? கடல்ல சிப்பி எடுக்கிறவர், டாக்டர். சுத்தமான கடல். வாராவாரம் இவதான் தண்ணிய சோதனை பண்ணி போர்டு மாட்டுறா. வேணும்னா இவளையே கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

"சாக்கடைக் கிருமி மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்" என்றார். பிறகு, முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டு எடுக்க வேண்டியிருக்கும், தாமதித்தால் தொடை வரை போய்விடும் என்றார். அண்ணி கையெழுத்துப் போட்டாள். அன்று திங்கட்கிழமை. அதற்குச் சற்று முன்புதான் நான் கடற்கரைப் படிக்கட்டில் பலகையின் பச்சைப் பக்கத்தை வெளியே தெரியும்படி மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

பலகையின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. நானே சாயம் பூசியது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். பேக்கரிக்காரர்தான் தலைவர், ஏனென்றால் அவர்தான் முதலில் சாக்குப்பை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கியவர். தபால் கொடுக்கும் அக்கா, சைக்கிள் கடை நடத்தும் அண்ணன் தம்பி இருவர், பிறகு நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் கூடுவோம். படிக்கட்டிலிருந்து வடக்கே வாய்க்கால் கடலில் விழும் பாறைகள் வரை குப்பை பொறுக்குவோம். பாட்டில், மூடி, கயிறு, ஒற்றைச் செருப்பு. பேக்கரிக்காரர் முந்தின நாள் மிச்சமான ரொட்டியின் ஓரங்களைக் கொண்டுவருவார். இடுப்பில் கை வைத்து மூச்சை இழுத்துவிட்டு, "இந்தக் காத்துக்காகவே ஞாயித்துக்கிழமை வரணும்யா" என்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வார். நாங்களும் மூச்சை இழுத்து, ஆமாம் என்போம்.

தண்ணீர் என் வேலை. நான் நுண்ணுயிரியல் படித்தவள். முழங்கால் ஆழம் வரை இறங்கி, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, தண்ணீருக்குள் அமிழ்த்தியபின் அலை வரும் திசைக்குத் திருப்பி நிரப்ப வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, கதகதப்பான இன்குபேட்டர் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், கிருமி இருக்கும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வளரும். எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். ஐம்பதுக்குக் கீழே என்றால் பச்சை.

இன்குபேட்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காலி. மற்ற நாளெல்லாம் நோயாளிகளின் தட்டுகள் நிறைந்திருக்கும். முதலாளியிடம் நான் கேட்டபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "திங்கட்கிழமை எட்டு மணிக்குள்ள எடுத்துடணும். நோயாளி தட்டும் கடல் தட்டும் கலந்துச்சு, நீயும் கடலோட போயிடு" என்றார். எனக்கு அது போதும் என்றிருந்தது. குழுவில் எல்லோருக்கும் ஞாயிறுதான் விடுமுறை. இன்குபேட்டருக்கும் ஞாயிறுதான் விடுமுறை. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

நான்கு வருடங்கள். இருநூற்று மூன்று ஞாயிறுகள். எல்லாம் ஒரே நோட்டில், என் கையெழுத்தில். சிவப்பு ஆறு தடவைதான் வந்தது, ஆறும் பெருமழைக்குப் பிறகு.

அண்ணன் முதலில் பலகையைக் கிண்டல் செய்தான். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். வாயில்லாப்பூச்சி என்பான், சுருக்கமாகப் பூச்சி. "பூச்சி போர்டு மாட்டியிருக்கா, கடலம்மா இனிமே ஒழுங்கா இருக்கணும்" என்று பாறையில் உட்கார்ந்து மற்றவர்களைச் சிரிக்கவைப்பான். பிறகு சிப்பி வாங்கும் ஓட்டல்காரர்கள் வண்டியை நிறுத்தி, இறங்குவதற்கு முன் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பச்சை என்றால் முழு விலை. அதன் பிறகு அவன் கிண்டலை நிறுத்திவிட்டான். ஒரு தடவை மழைக்குப் பின் சிவப்பு வந்தபோது அந்த வாரம் முழுக்கக் கடலில் இறங்காமல் வீட்டில் உட்கார்ந்து வலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டினான். "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்" என்று கூட்டாளிகளிடம் சொன்னானாம்.

கால் வெட்டுப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. சிப்பியைப் பிளக்கும் கத்தி வழுக்கி வலது பாதத்தின் மேல் இறங்கியது. புதன் விடியலில் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"பூச்சி, கால்ல சின்ன வெட்டு. இறங்கலாமா?"

நான் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் கூடத்தைத் திறக்க வேண்டும்.

"பச்சைதானே அண்ணா. இறங்கு" என்றேன்.

அவன் போனான். வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை பாதம் வீங்கி, தோல் பளபளவென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை நான் கடற்கரைக்குப் போய் பாட்டிலை நிரப்பிவிட்டுத் திரும்பியபோது விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் காலையில், ராத்திரி முழுக்க அங்கே இருந்துவிட்டு, புள்ளிகளை எண்ணுவதற்காக மட்டும் கூடத்துக்குப் போனேன். பதினொன்று. நோட்டில் எழுதிவிட்டு, போகிற வழியில் பலகையைப் பச்சையாக மாட்டினேன்.

டாக்டர் கேட்ட கேள்வி இரண்டு நாள் என்னோடு இருந்தது. அந்தக் கடலில் சாக்கடை இல்லை என்று எனக்குத் தெரியும். இருநூற்று மூன்று தடவை தெரியும். புதன்கிழமை காலை ஐந்தரைக்கு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

ஞாயிறு காலையும், பலகை மாட்டும் திங்கள் காலையும் தவிர நான் அங்கே போனதே இல்லை. எங்கள் வீடு நான்கு தெரு உள்ளே. வேலைக்குப் போகும் வழி வேறு பக்கம். படிக்கட்டை அடைவதற்கு முன்பே நாற்றம் வந்தது. ஈரமான இறகைத் தீயில் காட்டியது போல ஒரு நாற்றம். வாய்க்கால் வாயில் தண்ணீர், பாத்திரம் கழுவிய நீர் போல மங்கலாக, மேலே கொழுப்பு மினுங்க, கடலுக்குள் ஒரு பட்டையாக நீண்டிருந்தது. அலை அதைப் பாறைகள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு நீரில் சிப்பிக்காரர்கள் ஆறு பேர் குனிந்திருந்தார்கள்.

அண்ணனின் கூட்டாளியை எல்லோரும் நண்டு என்பார்கள், பக்கவாட்டில் நடக்கும் பழக்கத்தால். அவர்தான் முதலில் பார்த்தார். "என்ன தங்கச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா? அண்ணன் எப்படி இருக்கான்?"

"பரவால்ல" என்றேன். "நாத்தம் அடிக்குதே?"

"தினம் இருக்கிறதுதானே. கோழி ஆலைத் தண்ணி. மூக்கு பழகிடுச்சு. போர்டு பச்சையா இருக்குல்ல, அப்புறம் என்ன?"

பாட்டிலை நிரப்பி மேலே எடுத்தபோது அதன் கழுத்தில் சின்ன வெள்ளை இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

தட்டை இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், மற்றவற்றுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் இல்லை. எண்ணுவதற்குத் தனித்தனியாக எதுவும் இல்லை. தட்டு முழுக்க ஒரே படலமாக, பால் ஆடை போலப் படர்ந்திருந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன். வியாழக்கிழமைத் தண்ணீரும் அப்படியே. வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்: ஒன்பது.

அந்தத் தட்டுகளில் ஒன்றை முதலாளி பார்த்துவிட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எந்த நோயாளி இது? சீழா?" என்றார்.

"கடல்" என்றேன்.

அவர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். கை கழுவினார். மறுபடியும் சோப்பு போட்டுக் கழுவினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கி முடித்ததும், நான்கு பேரையும் படிக்கட்டில் உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. ரொட்டி ஓரங்கள் பையிலேயே இருந்தன.

தபால் அக்கா முதலில் வாயைத் திறந்தாள். "சனிக்கிழமை மத்தியானத்தோட ஆலையைப் பூட்டிடுவாங்க. பதிவுத் தபால் இருந்தா கையெழுத்து போட ஆளில்லாம திங்கட்கிழமை திரும்பப் போவேன். ஆறு வருஷமா போறேன்." ஒரு கையுறையைக் கழற்றினாள். "ஆறு வருஷமா தெரியும் எனக்கு. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோணல."

ஆலை திங்கள் முதல் வெள்ளி வரை கோழி அறுக்கும். சனிக்கிழமை கழுவிவிட்டு மூடும் மதகை, நான் பலகை மாட்டிவிட்டுப் போன பிறகு, திங்கள் மதியம்தான் திறக்கும். சனி மதியத்திலிருந்து ஞாயிறு காலைக்குள் அலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நாங்கள் போய் மூச்சை இழுப்போம்.

"அப்போ நாலு வருஷமா நாம என்னத்தப் பார்த்தோம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"பிளாஸ்டிக்கு" என்றான் சைக்கிள் கடைத் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாவு படிந்த பெரிய கைகள். "இன்னொண்ணு இருக்கு" என்றார். "போன வருஷம் ஆலைக்காரங்க நம்ம நோட்டை ஒரு நகல் கேட்டாங்க. ஆலையில ரெண்டாவது அறுப்புக் கூடம் கட்ட அனுமதி வாங்கணுமாம். நான் கொடுத்தேன். நாம போட்டிருக்கோமே இந்தக் கையுறை, அவங்க கொடுத்ததுதான். நம்ம வேலைக்கு ஒரு மதிப்பு வந்துச்சேன்னு நினைச்சேன். உங்ககிட்ட எல்லாம் பெருமையா சொன்னேனே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. அன்று நானும் சந்தோஷப்பட்டேன். என் கையெழுத்து நகராட்சி வரை போகிறது என்று.

அடுத்து வந்த வியாழக்கிழமை நகராட்சியில் வாய்க்கால் பற்றி ஒரு கூட்டம் இருந்தது. மூன்று தட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவது என்று முடிவானது. பேச வேண்டியது நான். கலைந்து போகும்போது தபால் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"முதல்ல அவன்கிட்ட சொல்லு. நாலு பேர் வாயில விழுந்து அவன் காதுக்குப் போகக் கூடாது. உன் வாயால போகணும்."

"சொல்றேன்க்கா."

நான்கு நாள் இருந்தது. தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வை வலது பக்கம் பாதியில் தட்டையாகப் படுத்திருந்தது. அண்ணன் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான்.

"இனிமே செருப்பு ஒண்ணு வாங்கினா போதும்டி. பக்கத்துக் கட்டில்காரருக்கு இடது கால் போச்சு. அளவு சரியா இருந்தா ஒரு ஜோடியை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்."

"சும்மா இருங்க" என்று அண்ணி அழுதாள்.

"ஏன்? கடல் என்னை ஒண்ணும் பண்ணல. என் கத்தி, என் அவசரம். கடலைக் குத்தம் சொல்லாதே. பூச்சியைக் கேளு, தண்ணி சுத்தமா இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அப்போது நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். அன்று நர்ஸ். மறுநாள் நண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு மறுநாள் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். எழுப்பியிருக்கலாம்.

நகராட்சிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணியும் வந்திருந்தாள். வாய்க்கால் கூட்டத்தில் நான் பேசப் போகிறேன் என்று தபால் அக்கா சொல்லியிருந்தாள். என்ன பேசப் போகிறேன் என்று சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன் என்று நம்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அண்ணி, தைரியமாகப் பேசு என்று கையால் சைகை காட்டினாள்.

ஒலிபெருக்கி என் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரோ வந்து தாழ்த்திவைத்தார்கள். எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். வேலை நாட்களில் வாய்க்கால் நீர் கலந்த கடல் ஆபத்தானது. மூன்று நாள் சோதனை. இதோ படங்கள்.

"சத்தமா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மறுபடியும் படித்தேன்.

ஆலை அதிகாரி எழுந்தார். மடிப்புக் கலையாத சட்டை. மரியாதையான குரல். கையில் எங்கள் நோட்டின் நகல், அட்டை போட்டுத் தைத்திருந்தது.

"இந்தத் தங்கச்சியோட குழு மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. நாலு வருஷம், ஒரு வாரம் விடாம சோதனை பண்ணியிருக்காங்க. பெரிய விஷயம். தலைவர் அனுமதிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்தக் கையெழுத்து யாரோடதும்மா?"

"என்னோடது."

"இதுல எழுதியிருக்கிறதெல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அது எல்லாம் ஞாயித்துக்கிழமை..."

"உண்மைன்னு சொல்றாங்க" என்று அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "இருநூறு சோதனை ஒரு பக்கம். போன வாரம் மூணு தட்டு ஒரு பக்கம். வீட்டுல ஒருத்தருக்கு இப்படி ஆயிடுச்சு, மனசு எவ்வளவு பாடுபடும்னு புரியுது. எங்களுக்கும் வருத்தம்தான்."

"நான்தான் தப்பு பண்ணேன்" என்றேன். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கப் பெரிதாகச் சொன்னது. "ஆலை மூடியிருக்கிற அன்னைக்கு மட்டும் தண்ணி எடுத்தேன். அந்த நோட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பலகைய வச்சும் சொல்ல முடியாது. நாலு வருஷமா தப்பான பச்சை மாட்டியிருக்கேன்."

  பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணியின் முகத்தில் ஏதோ கணக்குப் போடுவது போல் ஒரு சுருக்கம். எந்தக் கிழமை, எந்தக் காலை, வாசலில் நின்று யார் யாரிடம் கேட்டார்கள். போட்டு முடித்ததும் எழுந்து வெளியே போனாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

மூன்று மாதம் ஆராய்ந்து அறிக்கை தர ஒரு குழு அமைப்பதாகத் தலைவர் சொன்னார். அதுவரை ஆலை எப்போதும் போல நடக்கும்.

நான் வார்டுக்குப் போனபோது அண்ணி கட்டிலின் தலைமாட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் நிமிர்ந்து சாய்ந்திருந்தான். பூச்சி என்று கூப்பிடவில்லை.

"அன்னைக்கு இறங்குன்னு சொன்னியே. என்னைக்கு எடுத்த தண்ணிய பார்த்துச் சொன்ன?"

"ஞாயித்துக்கிழமை."

"நான் இறங்கினது?"

"புதன்."

"புதன்கிழமை தண்ணிய நீ பார்த்ததே இல்ல."

"இல்ல."

"நாலு வருஷத்துல ஒரு தடவகூட."

"இல்லண்ணா."

அவன் போர்வையின் தட்டையான இடத்தைப் பார்த்தான்.  பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"சரி, அது போகட்டும். தண்ணி விஷயம் உனக்குத் தெரியல. காலைப் பார்த்தியா?"

எனக்குப் புரியவில்லை.

"வாசல்ல நின்னு கேட்டேனே. காலையாவது திரும்பிப் பார்த்தியா?"

"தலை சீவிட்டிருந்தேன்."

"ம்" என்றான். பிறகு, "அண்ணிய கூப்பிடு. தண்ணி குடிக்கணும்."

தண்ணீர் டம்ளர் என் பக்கத்து மேசையில்தான் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம். நான் அண்ணியைக் கூப்பிட்டேன்.

ஏழு வாரம் போனது. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். கைத்தடிகள் இரண்டை அக்குளில் வைத்து முற்றத்தில் நடந்து பழகினான். நான் இருந்தால் உள்ளே போய்விடுவான். அண்ணி எனக்குச் சாப்பாடு போட்டு மூடிவைப்பாள். என் முகத்தைப் பார்த்துப் போடுவதில்லை.

முதலாளி இன்குபேட்டரின் கீழ்த்தட்டை எல்லா நாளும் எனக்கென்று ஒதுக்கினார். அதில் 'கடல் – தொடாதே' என்று அவரே எழுதி ஒட்டினார். குழுவில் இப்போது மூன்று பேர். சைக்கிள் கடைக்காரர்கள் வருவதில்லை. அவர்கள் கடைக்கு வருகிற சைக்கிளில் பாதி ஆலைத் தொழிலாளிகளுடையது. பேக்கரிக்காரர் புதனும் வெள்ளியும் அடுப்பை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்து வாய்க்கால் பக்கம் நிற்கிறார். மூச்சை இழுப்பதில்லை. பழைய கையுறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

பலகையில் சிவப்பு. தொடர்ந்து சிவப்பு. ஓட்டல் வண்டிகள் ஒன்றொன்றாக நின்றன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த சிப்பிக்காரர்கள், விடியலில் வந்ததும் பலகையைத் திருப்பிப் பச்சையாக்கினார்கள். ஏழு மணிக்கு முன் நான் போய்ச் சிவப்பாக்குவேன். யார் செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் சிவப்பு முழுவதும் ஆணியால் கிழிக்கப்பட்டிருந்தது. நான் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தபோது நண்டு வாளியோடு மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா, அவன் காலை எடுத்தது போதாதா? எங்க வயித்தையும் எடுக்கணுமா?"

நான் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாயம் என் பாதத்தில் சொட்டியது.

"உங்க கால்ல ஏதும் காயம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும் போலிருந்தது.

"என் காலை நான் பார்த்துக்கிறேன்" என்றார். பக்கவாட்டில் நடந்து போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை பாட்டிலோடு போனபோது விடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. தூரத்திலிருந்தே பலகை சிவப்பாகத் தெரிந்தது. யாரும் திருப்பவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. கிட்டே போனேன். பலகையைக் கம்பத்தோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. சிப்பி வலைக்குப் போடும் முடிச்சு. எனக்குத் தெரிந்த கை.

அண்ணன் கடைசிப் படிக்கு மேற்படியில் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கைத்தடிகள் பக்கத்தில். வலது பேன்ட் காலை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். நான்கு தெருவையும் தனியாக நடந்து வந்திருக்கிறான். கைத்தடி அழுந்திய இடத்தில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எதிரே மணலில் சிப்பிக்காரர்கள் ஆறு பேரும் வாளிகளோடு நின்றார்கள்.

"மாப்ள, விளையாடாதே. அலை ஏறிடும்" என்றார் நண்டு.

"இறங்க வேணாம்னு நான் சொல்லல. வீட்டுல அடுப்பு எரியணும், எனக்குத் தெரியாதா? போர்டைத் தொடாதே. அப்புறம், காலைக் காட்டு."

"என்னது?"

"காலைக் காட்டிட்டு இறங்கு."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி ஆயிட வேணாம்னுதான் இங்க காட்டச் சொல்றேன்."

ஒருவன் சிரித்தான். நண்டு சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தார். அண்ணன் குனிந்து, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தான். மற்றக் கால். பிறகு இரண்டு கைகள். "போ" என்றான். அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவன். நான்காவது ஆளின் குதிகாலில் பிளவு இருந்தது, உள்ளே சிவப்பாக.

"நீ வீட்டுக்குப் போ."

"வெடிப்புதான்பா. எல்லாருக்கும் இருக்கிறது."

"வீட்டுக்குப் போ."

அவன் அண்ணனின் ஊக்குக் குத்திய பேன்ட்டைப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், யாரைப் பார்த்தும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு படியேறிப் போனான். மற்ற ஐந்து பேரும் அந்தக் கலங்கல் பட்டைக்குள் இடுப்பளவு இறங்கினார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். பாட்டிலை இடது கையில் மாற்றிக்கொண்டு, அவனைத் தாண்டி இறங்குவதற்காகப் படியின் ஓரமாகப் போனேன்.

"காலைக் காட்டு" என்றான்.

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஏழு வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒரு காலைப் படியில் வைத்தேன். அவன் குதிகாலைக் கையில் ஏந்தித் திருப்பினான். கை சிப்பி ஓடு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதை நகத்தால் சுரண்டினான். உதிர்ந்தது. சாயம். மறுபடியும் ஒரு தடவை, விரல் விரலாகப் பார்த்தான். மற்றக் காலையும் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்ததைவிட நேரம் எடுத்துக்கொண்டான்.

"போ" என்றான்.

முழங்கால் ஆழம் வரை இறங்கினேன். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, அமிழ்த்தி, அலை வரும் திசைக்குத் திருப்பினேன். மூடியை இறுக்கிவிட்டு, அதன் மேல் 'புதன்' என்று எழுதினேன்.